மூன்றாவது ஆட்டத்தின் பேர்

ஓஸ்தாவின் கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது, புல் காயவில்லை. எது பெரிய கவலை என்று யாராவது கேட்டிருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை காலைவரை ராக்னா புல் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆறு நாளாக விட்டுவிட்டு மழை. லேர்பெக் பண்ணையின் சரிவில் கம்பங்களை நட்டு, ஐந்து வரிசை கம்பி இழுத்து, அறுத்த புல்லைத் துணி உலர்த்துகிறமாதிரி தொங்கப் போட்டிருந்தார்கள். மேல் வரிசை நனைந்து நனைந்து கறுத்துப்போய்விட்டது. அடி வரிசைக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே புழுங்குகிறது, அது நல்லதுக்கில்லை. கொட்டகையில் பன்னிரண்டு மாடு. அக்டோபரில் பனி விழுந்தால் மே மாதம் வரைக்கும் அவற்றுக்கு இந்தப் புல்தான்.

காலைக் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது அவள் கணவன் ஹால்வோர் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

"சனிக்கிழமை எம்ப்ரெட் பிடிலோட வரட்டும். போல்ஸ் வாசிக்கட்டும், வால்ட்ஸ் வாசிக்கட்டும், விடிய விடிய வாசிக்கட்டும். ரைன்லெண்டர் மட்டும் இந்தக் கூரைக்குக் கீழே கேட்கக் கூடாது."

ராக்னா கரண்டியைக் கீழே வைத்தாள். அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த மகள் ஓஸ்தா வைக்கவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் அப்பாவைப் பார்த்தாள்.

அந்த நார்வேப் பள்ளத்தாக்கில் கல்யாண வீட்டில் முதல் மூன்று ஆட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலாவது போல்ஸ், பெண்ணும் மாப்பிள்ளையும். இரண்டாவது வால்ட்ஸ், மாப்பிள்ளையும் மாமியாரும். மூன்றாவது ரைன்லெண்டர். அது பெண்ணுக்கும் அப்பாவுக்கும். மேஜையின் தலைமாட்டிலிருந்து கிளம்பிக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாசல்படி வரைக்கும் ஆடிக்கொண்டு போக வேண்டும். படியில் அப்பா நிற்பார். வெளியே மாப்பிள்ளையின் அம்மா கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். அப்பா பெண்ணின் கையை அந்தக் கையில் கொடுத்துவிட்டு உள்ளேயே நின்றுகொள்வார். பாதிரியார் தேவாலயத்தில் என்ன சொன்னாலும் சரி, அப்பா கையை விட்ட அந்த நிமிஷத்தில்தான் கல்யாணம் ஆனதாகக் கணக்கு. அது நடக்காமல் புகுந்த வீட்டுக்குப் போனவளை 'கைவிடாப் பெண்' என்பார்கள். வயதாகிச் செத்த பிறகும் அந்தப் பேச்சு இருக்கும்.

"வேற ஆட்டம் ஆடிட்டுப் போறது," என்றான் ஹால்வோர். "வால்ட்ஸ் ஆடறேன்."

"வால்ட்ஸ் மாமியாரோடது," என்றாள் ஓஸ்தா.

கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"போன தடவை, சண்டைக் காலத்துல, நான் சுவீடன் எல்லை தாண்டினப்போ இடது கால் செருப்பு எங்கேன்னு தேடக்கூட நேரமில்லப்பா. அம்மா பால் கறந்துக்கிட்டிருந்தா. நான் போறேன்னு அவகிட்ட சொல்லக்கூட இல்ல. நீங்க என்னைக் காட்டுக்குள்ள தள்ளிவிட்டு, திரும்பிப் பாக்காதேன்னீங்க. நான் திரும்பிப் பாக்கல. இந்தத் தடவை நீங்க என்னை அனுப்பி வைக்கணும். நீங்க ஆடாம நான் படி தாண்ட மாட்டேன். அங்கேயே நிப்பேன்."

ஹால்வோர் எழுந்து மழையில் போய்விட்டான். அரிவாள் தீட்டும் கல்லை அவன் சுற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அறுக்க எதுவும் இல்லாத நாளில் எதைத் தீட்டினானோ.

அவனுக்கு அந்த ஆட்டம் ஏன் ஆகாது என்று பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தார்கள். ஆறு வருஷம் முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது அக்டோபரில், ஜெர்மன்காரர்கள் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கதிரடிப்பு முடிந்த சனிக்கிழமை சாயங்காலம் லேர்பெக் பண்ணையின் இதே கூடத்தில் எம்ப்ரெட் பிடில் வாசிக்க, எட்டுப் பத்து ஜோடி ரைன்லெண்டர் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று அடி ஒரு துள்ளல், மறுபடி மூன்று அடி ஒரு துள்ளல், அப்புறம் ஜோடியாய் நாலு சுற்று. பள்ளிக்கூடத்தில் குடியிருந்த அதிகாரி ஒருவன் இரண்டு சிப்பாய்களோடு வந்து வாசலில் நின்றான். கையுறையைக் கழற்றிக்கொண்டு தாளம் போட்டான். முடிந்ததும் உடைந்த நார்வேப் பேச்சில் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னான்: "ரைன் நதிக்கரை ஆட்டம். எங்கள் ஆட்டம். பார்த்தீர்களா, ரத்தம் மறப்பதில்லை."

மறுநாளிலிருந்து எம்ப்ரெட்டுக்குக் கை வலி. அந்த அதிகாரி இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டும் வலி போகவில்லை. ஐந்து வருஷம் போகவில்லை. ஜெர்மன்காரர்கள் தோற்றுப் போன மே மாதம் எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு வலி போய்விட்டது; பதினோரு மணிக்குப் பால் சங்கத்து வாசலில் உட்கார்ந்து போல்ஸ் வாசித்தார். ரைன்லெண்டரை மட்டும் யாரும் கேட்கவில்லை, அவரும் வாசிக்கவில்லை. கல்யாணம் வரட்டும் என்று இருந்தார்.

இதெல்லாம் தெரிந்தும் ராக்னா அன்றைக்கு ஒரு காரியம் செய்தாள். மாப்பிள்ளை ஏவெர்ட் எல்லைக்கு அந்தப் பக்கம், சுவீடன்காரன். அங்கே இதே ஆட்டத்தை ஷொத்திஸ் என்பார்கள், ஸ்காட்லாந்துக்காரன் ஆட்டம் என்று. ஸ்காட்லாந்துக்காரன் சண்டையில் நம் பக்கம் நின்றவன். பால் கேன்களை ஏற்ற வந்த வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பினாள்: சனிக்கிழமை மூன்றாவது ஆட்டத்தை எம்ப்ரெட் ஷொத்திஸ் என்று அறிவிக்கட்டும், மெட்டு அதே மெட்டாக இருக்கட்டும், ஹால்வோரைச் சமாளித்துக்கொள்ளலாம். சொல்லி அனுப்பியதும் மனசு லேசாகி, அன்றைக்கு மாவு பிசைந்து அறுபது தட்டை ரொட்டி சுட்டாள்.

புதன்கிழமை காலை காலிக் கேன்களோடு பதில் வந்தது. வண்டிக்காரன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"எம்ப்ரெட்டுக்குக் கை வலியாம்."

ராக்னா அந்தக் கேன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் மழை கொஞ்சம் ஓய்ந்தபோது தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு எம்ப்ரெட் வீட்டுக்கு நடந்தாள். சதுப்பைச் சுற்றி முக்கால் மணி நேரம். எழுபது வயதுக்காரர், தனி ஆள். கொட்டகையில் உட்கார்ந்து புல் வாரும் மர வாரிக்குப் பல் செதுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாற்பது ஐம்பது பல், ஒன்றுபோல, வெள்ளைவெளேரென்று.

"கை எப்படி இருக்கு?"

"வலிக்குது."

"வலிக்கிற கையால பல் செதுக்கறீங்களே."

"இது வேற வலி. உனக்குத் தெரியாததா."

அவள் மரக்கட்டையில் உட்கார்ந்தாள். அவர் இரண்டு பல் செதுக்கி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அவரே பேசினார்.

"பேரை மாத்திக்கிட்டு வாசிக்கலாம்னா, நாற்பதுலயே மாத்திக்கிட்டு வாசிச்சிருப்பேனே ராக்னா. எங்கப்பா கையிலேருந்து எனக்கு ரைன்லெண்டர்னுதான் வந்தது. அவருக்கு அவங்க மாமா. அஞ்சு வருஷம் நான் அதை எடுக்காம வச்சிருந்தது, ஒருநாள் அதோட பேரைச் சொல்லியே வாசிக்கணும்னுதான். அவன் ஒருத்தன் வந்து எங்களோடதுன்னு சொல்லிட்டுப் போனான்னு நாம வேற பேர் வச்சுக்கிட்டா, அவன் சொன்னது நெசம்னு ஆயிடும்ல."

"என் தப்புதான்," என்றாள் ராக்னா. "ஆனா நீங்க வராட்டி என் பொண்ணு படியில நின்னுடுவா. அவ சொன்னா செய்யறவ."

"ஹால்வோர் பொண்ணு வேற எப்படி இருப்பா."

"அவன்கிட்ட நான் என்ன சொல்றது? அவன் காதுல அந்த அதிகாரி சொன்னதுதான் இன்னும் கேட்டுக்கிட்டிருக்கு."

எம்ப்ரெட் கத்தியைத் தொடையில் துடைத்தார். வெளியே யாரும் வருகிறார்களா என்று பார்த்தார். அந்தச் சதுப்பில் மழையைத் தவிர வேறு என்ன வரப்போகிறது.

"அந்த அதிகாரிக்கு ஒரு மண்ணும் தெரியாது," என்றார். "எனக்கு எப்படித் தெரியும்னு கேட்காதே."

அவள் கேட்கவில்லை. அதனாலேயே அவர் சொன்னார். நாற்பத்தொன்று குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்துச் சிப்பாய்களுக்குச் சமைத்துப் போட்டவன் ஒருத்தன், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பெரிய கரண்டிக்குக் காம்பு போட்டுத் தரச் சொல்லி இந்தக் கொட்டகைக்கு வந்தான். சுவரில் பிடில் தொங்குவதைப் பார்த்தான். தொடவில்லை. காம்பு ஆகிற வரைக்கும் அங்கே நின்றுகொண்டு மெதுவாக ஒரு மெட்டை முனகினான். ரைன்லெண்டர். அச்சுஅசலாக இல்லை, ஆனால் அதுதான். எம்ப்ரெட்டுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நீ ரைன் பக்கத்தவனா என்று கேட்டார். ஆமாம், நதி தெரிகிற மாதிரி திராட்சைத் தோட்டம், என்றான். அப்போ உங்க ஊர் ஆட்டம்தானே, உங்க அதிகாரி சொன்னமாதிரி, என்றார். அவன் சிரித்துவிட்டானாம். எங்க ஊரில் அதை தெற்குக் கோடிப் பவேரியாக்காரன் ஆட்டம் என்போம், எங்களுடையது இல்லை, எங்கிருந்தோ வந்தது, என்றானாம்.

"நானும் சிரிச்சேன்," என்றார் எம்ப்ரெட். "அடக்க முடியல. ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சோம். ஒரு மணி நேரம் இங்கே இருந்தான். காப்பின்னு பேர் சொல்லி வறுத்த பட்டாணித் தண்ணி குடுத்தேன். வசந்தகாலத்துல அவங்களை ரஷ்யா பக்கம் அனுப்பிட்டாங்க."

ராக்னாவுக்கு உடனே புரிந்தது, இதை அவர் ஏன் ஐந்து வருஷம் விழுங்கி வைத்திருந்தார் என்று. சண்டைக் காலத்தில் சிப்பாயிடம் சாக்லேட் வாங்கின ஒரு பெண்ணோடு இன்றைக்கும் யாரும் பேசுவதில்லை. கை வலி எம்ப்ரெட் என்று பள்ளத்தாக்கே பெருமையாகச் சொல்லும் மனுஷன், கொட்டகையில் அவர்களில் ஒருத்தனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் சிரித்தார் என்று தெரிந்தால்.

"ஹால்வோர்கிட்ட சொல்லாதே," என்றார்.

"சொல்ல மாட்டேன்."

"வரேன். பேரைச் சொல்லித்தான் வாசிப்பேன். அவன் எழுந்திருக்கலைன்னா வெறும் தரைக்கு வாசிச்சுட்டு வரேன்."

"பேரைச் சொல்லியே வாசிங்க," என்றாள் ராக்னா.

வியாழக்கிழமை சம்பந்தி வந்துவிட்டாள். ஹுல்டா, ஏவெர்ட்டின் அம்மா, விதவை, மரம் வெட்டுகிறவர்களுக்கு முப்பது வருஷம் சமைத்துப் போட்டவள். எல்லை தாண்டிக் காட்டு வழியாக ஓடிவந்த ஓஸ்தாவுக்கு அந்தச் சமையல் கூடத்தில் வேலை கொடுத்து, இரண்டாவது செருப்பு வாங்கிக் கொடுத்து, கடைசியில் மகனையும் கொடுத்தவள். மகனோடு பஸ்ஸை விட்டு இறங்கும்போது இடுப்பு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுப் பாவாடைக்கு உள்ளிருந்து இரண்டு கிலோ காப்பிக் கொட்டையை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். எல்லைச் சாவடிக்காரன் கர்ப்பிணி என்று நினைத்தானோ என்னவோ, கையைப் பிடித்து இறக்கிவிட்டான் என்றாள்.

"அறுபத்திரண்டு வயசுல," என்றாள் ராக்னா.

"சாவடிப் பையன் நல்ல பையன். கண்ணுதான் சரியில்ல."

நிஜக் காப்பி வாசனை அந்த வீட்டில் ஏறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஹால்வோர்கூட வேலையை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். ஓஸ்தாவும் ஏவெர்ட்டும் பன்றிக்கொழுப்பில் ஓட்ஸ் மாவு வறுத்துக்கொண்டிருந்தார்கள். ஹுல்டா இரண்டாம் தடவைக்குக் காப்பி அரைத்துக்கொண்டே, சனிக்கிழமை எந்த ஆட்டத்துக்குத் தான் வாசலில் நிற்க வேண்டும், தப்பான நேரத்தில் நின்று மானம் போகக் கூடாது என்று கேட்டாள். ராக்னா அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு ஓஸ்தா சொன்னாள், ரைன்லெண்டருக்கு என்று.

"ஓ, ஷொத்திஸ்," என்றாள் ஹுல்டா. இந்த வீட்டுச் சங்கதி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அமைதியை அவள் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அவள் தம்பி கப்பலில் போனவன். ஸ்காட்லாந்துத் துறைமுகம் ஒன்றில் ஊர்க்காரர்கள் இதே ஆட்டத்தை ஆடுவதைப் பார்த்து, உங்கள் ஆட்டத்தைத்தான் நாங்களும் ஆடுகிறோம் என்று பெருமையாகப் போய்ச் சொல்லியிருக்கிறான். எங்களுடையதா, இது ஜெர்மன் போல்கா, என்று அவர்கள் இவனைப் பார்த்துச் சிரித்தார்களாம். அவள் கணவனின் அத்தை ஃபின்லாந்துக்காரி. அவளைக் கேட்டால் இது அமெரிக்காவிலிருந்து வந்தது என்பாள், யெங்க்கா என்று ஒரு பேர் சொல்வாள்.

"ஸ்பெயின் பக்கம்கூட இருக்காம். அங்கே ஆம்பளை ஒரு செங்கல் மேல நின்ன இடத்துல நிப்பானாம். நகரவே மாட்டானாம். பொம்பளைதான் அவனைச் சுத்திச் சுத்தி ஆடணுமாம்."

"அது ஆட்டமில்ல சம்பந்தி," என்றாள் ராக்னா. "குடித்தனம்."

ஏவெர்ட் வாயில் வைத்த காப்பியைத் துப்பிவிட்டான். ஹால்வோருடைய மீசையும் ஒரு பக்கம் அசைந்தது. ராக்னா அதைப் பார்த்தாள். ஆனால் உடனே அது நின்றது.

"எல்லாரும் அடுத்தவன் பேரைச் சொல்றாங்க," என்றான். "அந்த அதிகாரி ஒருத்தன்தான் தன்னோடதுன்னான்."

காப்பியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்து போனான். ராக்னாவின் நாக்கு நுனியில் எம்ப்ரெட் சொன்ன சமையல்காரன் நின்றுகொண்டிருந்தான். கொடுத்த வாக்கை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வாணலியைத் தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. சும்மா இல்லை, வடக்குக் காற்றோடு. எட்டு மணிக்கே கம்பியில் புல் சரசரத்தது. கல்யாணம் காத்திருக்கும், புல் காத்திருக்காது என்று கல்யாணப் பெண் முதற்கொண்டு எல்லாரும் சரிவில் இறங்கினார்கள். கறுத்த மேல் வரிசையைத் தனியாக இழுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை மாறாமல் இருந்தது. ஹுல்டா பாவாடையைச் செருகிக்கொண்டு, இந்த ஊரில் புல்லை இப்படியா கட்டுகிறீர்கள் என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று ஆள் வேலை செய்தாள்.

கடைசிக் கம்பியில் ராக்னாவும் ஹால்வோரும் மட்டும் இருந்தார்கள். அவள் பேச்சை எடுத்தாள்.

"ஜெர்மன்காரனுக்குத் தெரியாம நீ காட்டு வழியா எல்லைக்குக் கூட்டிட்டுப் போனவங்க அறுபத்து மூணு பேர். ஒருத்தன் காகிதத்துலகூட நெசப் பேர் இல்ல. நீ கேட்டியா? பேர் எதுவா இருந்தா என்ன, ஆள் போய்ச் சேரணும்னே."

"அது வேற."

"எப்படி வேற?"

அவன் ஒரு கட்டுப் புல்லை இறக்கி வண்டியில் வைத்தான். அடுத்ததற்குப் போகவில்லை.

"அன்னிக்கு நீதான் என்கூட ஆடினே," என்றான். "அந்த அதிகாரி வாசல்ல வந்து நின்னான். எந்த இடத்துல நிறுத்தினோம், ஞாபகம் இருக்கா?"

ராக்னா யோசித்தாள். யோசிக்க அவசியமே இல்லை.

"நிறுத்தல."

"நிறுத்தல. அவன் தாளம் போட்டான். அந்தத் தாளத்துக்கு நாம முடிச்சோம். கடைசி நாலு சுத்தும் சுத்தினோம். அவன் கை தட்டினான். நான் தலையை வேற ஆட்டினேன், ரொம்ப நன்றிங்கறமாதிரி." அவன் உள்ளங்கையில் ஒட்டிய புல்லைத் தட்டினான். "பேர்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்கீங்க. பேர் இல்ல. என் காலு. அது நிக்கல. காட்டுல போனப்பல்லாம் அந்தத் தாளம் கால்லயே இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும்."

கணவன் இதை ஆறு வருஷமாகத் தனியாகச் சுமந்திருக்கிறான் என்பதில் ராக்னாவுக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை, கோபம்.

"எனக்கும் ரெண்டு காலு இருந்துச்சு ஹால்வோர். நானும்தான் நிறுத்தல. நீ என் இடுப்புல கை வச்சிருந்தே, நான் உன் தோளைப் பிடிச்சிருந்தேன். உனக்கு மட்டும்தான் வெட்கமா? இத்தனை வருஷத்துல என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நாளைக்கு உன் பொண்ணு கூடத்து நடுவுல நிப்பா. கூப்பிட மாட்டா. கெஞ்ச மாட்டா. நிப்பா. யார் பெத்த பொண்ணுன்னு உனக்கே தெரியும். நீ பாத்துக்கோ."

பொழுது சாய்வதற்குள் புல் முழுக்கப் பரணுக்கு ஏறிவிட்டது. கூடத்தைக் காலி செய்யும்போது, ஹால்வோர் மேஜைகளைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னான். ஆட இடம் வேண்டுமே என்பதற்காகவா, இல்லை நடக்க வழி வேண்டும் என்பதற்காகவா, ராக்னாவுக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை காலை தேவாலயம், மத்தியானம் விருந்து. வீட்டுக்கு வீடு சித்திரம் எழுதிய மரச்சட்டியில் புளித்த பாலேட்டுக் கஞ்சி கொண்டுவந்தார்கள். நாற்பத்தைந்து பேர். காப்பி வாசனை சாலை வரைக்கும் போனதால் அழைக்காத நாலு பேரும் வந்தார்கள். அவர்களுக்கும் இடம் இருந்தது. மூன்று மணிக்கு எம்ப்ரெட் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். ஓஸ்தாவும் ஏவெர்ட்டும் போல்ஸ் ஆடினார்கள். அப்புறம் ஏவெர்ட் வந்து ராக்னாவின் கையைப் பிடித்தான். வால்ட்ஸில் அவன் இரண்டு தடவை அவள் காலை மிதித்தான். அவள் கவனம் முழுக்க மேஜையின் தலைமாட்டில் இருந்ததால் வலிகூடத் தெரியவில்லை.

ஹுல்டா எழுந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றாள்.

"மூணாவது ஆட்டம்," என்றார் எம்ப்ரெட். "ரைன்லெண்டர்."

ஓஸ்தா கூடத்து நடுவில் போய் நின்றாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. ஹால்வோர் உட்கார்ந்திருந்தான். எம்ப்ரெட் வில்லைத் தந்தியில் வைத்தார், எடுத்தார். பிடிலைத் தோளிலிருந்து இறக்கினார்.

"வாசிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்," என்றார். "இது ரைன்காரன் ஆட்டம் இல்ல. ரைன்காரன் ஒருத்தனே எங்கிட்ட சொன்னான், பவேரியாக்காரன் ஆட்டம்னு. நாற்பத்தொண்ணுல, என் கொட்டகையில. அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரன். ரெண்டு பேரும் சிரிச்சோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நான்தான் உட்காரச் சொன்னேன். குடிக்கக் குடுத்தேன். என் கை வலியைப் பத்திப் பெருமை பேசினவங்க எல்லாரும் இதையும் தெரிஞ்சுக்குங்க."

பால் வண்டிக்காரனின் மனைவி கோப்பையை மேஜையில் வைத்தது பெரிதாகக் கேட்டது. அங்கே சண்டையில் மகனைப் பறிகொடுத்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எம்ப்ரெட் தலை குனியவில்லை. இந்தக் கூடத்தைவிட்டு வெளியேறினால் இனிமேல் யாரும் அவரை ஒரு விருந்துக்கும் கூப்பிடாமல் போகலாம். அது அவருக்கும் தெரியும்.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஹால்வோர் எழுந்து நின்றான்.

"நீங்க ஒரு மணி நேரம் சிரிச்சீங்க," என்றான். "நான் கடைசிச் சுத்து வரைக்கும் ஆடினேன். அந்த அதிகாரி இதே வாசல்ல நின்னு தாளம் போட, நான் முடிச்சேன். ராக்னாவும் முடிச்சா. அன்னிக்கு இந்தக் கூடத்துல எட்டு ஜோடிக்குக் குறையாம இருந்தோம். ஒருத்தரும் நிறுத்தல. நீங்களும் வில்லை நிறுத்தல." சுற்றிப் பார்த்தான். அன்றைக்கு இருந்தவர்கள் யார் யாரென்று அவனுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். "அவ்வளவுதான் நடந்தது. அப்புறம் நாம செஞ்சதெல்லாம் வேற. வாசிங்க எம்ப்ரெட்."

மகனைப் பறிகொடுத்தவர்களில் ஒருவர், கிழவர், தலையை ஒரு தடவை ஆட்டினார். அதுபோதும் என்று ஆயிற்று.

எம்ப்ரெட் வாசித்தார்.

முதல் மூன்று அடியில் ஹால்வோரின் கால் தரையைத் தேடியது. துள்ளலில் முழங்கால் மடங்கவில்லை. ஓஸ்தா அவனுக்காக மெதுவாக்கவில்லை. தன் போக்கில் போனாள், அவன் எட்டிப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது சுற்றில் தோள் இறங்கியது. மூன்றாவதில் முதுகு நிமிர்ந்தது. கூடம் முழுக்க ஒரு வட்டம் போட்டு, அடுப்படியைத் தாண்டி, பிடிலைத் தாண்டி, வாசல்படிக்கு வந்தார்கள். அவன் நின்றான். நிறுத்த வேண்டிய இடத்தில், தானாக, சுத்தமாக நின்றான்.

படிக்கு வெளியே வெயிலில் ஹுல்டா கையை நீட்டினாள். ஹால்வோர் மகளின் கையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னான்.

"சம்பந்தி, உங்க ஊர்ல இந்த ஆட்டத்துக்கு என்ன பேர் வேணும்னாலும் சொல்லிக்கங்க. என் பொண்ணு பேரு ஓஸ்தா. அதை மட்டும் மாத்தாதீங்க."

"அதுக்குக் காலம் தாண்டிப்போச்சு," என்றாள் ஹுல்டா. "எங்க பக்கத்துல ரெண்டு வருஷமா அவ பேரு நார்வேக்காரி. கடைக்காரன் அப்படித்தான் கூப்பிடறான், பாதிரியாரும் அப்படித்தான் கூப்பிடறாரு. ஓஸ்தான்னு கேட்டா யாரதுன்னு என்னைக் கேட்பாங்க."

ஹால்வோர் அதை ஒரு கணம் யோசித்தான். பிறகு அவன் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. ராக்னா அதைக் கேட்டு எத்தனை வருஷம்.

"வந்த ஊரைச் சொல்ற பேரு," என்றான். "சரி. போகட்டும்."

கையைக் கொடுத்தான். ஓஸ்தா படியைத் தாண்டினாள். தாண்டிவிட்டு, இந்தத் தடவை, நன்றாகத் திரும்பி நின்று அப்பாவையும் அம்மாவையும் பார்த்தாள்.

எம்ப்ரெட் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்றுக்கு மெட்டை எடுத்தார். ஒவ்வொரு ஜோடியாக எழுந்து வந்தது. அன்றைக்கு இருந்தவர்கள்தான் முதலில் வந்தார்கள். ஹால்வோர் படியிலிருந்து திரும்பி நேராக ராக்னாவிடம் வந்து கையை நீட்டினான்.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்றாள் அவள்.

"வலிக்குது," என்றான். "வா. முடிச்சுட்டு உட்காரலாம்."